கண் எழுதியவர் யார்?

கொலுப் பொம்மைக்கு நாம் சொல்லும் விமர்சனம் மூன்றே மூன்று. 'அழகா இருக்கு', 'எங்கே வாங்கினது?', 'என்ன விலை?' அதோடு சரி. பக்கத்துத் தட்டில் இருக்கும் சுண்டலுக்கு இதைவிட நுட்பமான விமர்சனம் கிடைக்கிறது: உப்பு தூக்கல், தேங்காய் பத்தாது, இன்னும் ஒரு விசில் விட்டிருக்கலாம். பொம்மையின் முகத்தில் வர்ணம் எப்படி விழுந்திருக்கிறது என்று யாரும் வாயைத் திறப்பதில்லை.

வத்தலக்குண்டில் ஒரு வீட்டுக் கொலுவில் இரண்டு செட்டியார் பொம்மைகளை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று பாட்டி காலத்துக் களிமண். மூக்கு நுனி உடைந்து, வேட்டியின் வெள்ளை பழுப்பாகியிருந்தது. ஆனால் கண் இருக்கிறதே! கருவிழி நடுவில் இல்லை, கொஞ்சம் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. பருப்பை நிறுத்துக்கொண்டே கல்லாவையும் கவனிக்கிறார் மனுஷர். மற்றது புதுசு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ரோஸ் கலர் கன்னம், பளபளவென்று மேனி. கருவிழிகள் சரியாக நட்டநடுவே இருக்கின்றன, எதையும் பார்க்கவில்லை. கடன் சொன்னால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. அவர் வியாபாரி இல்லை, வியாபாரி வேஷம் போட்டவர்.

இந்தப் பக்கத்துக் கொலுவுக்கு மதுரையை அடுத்த விளாச்சேரி பெரிய ஊற்று. கொலுப் பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற அதே கைகள்தான் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் குழந்தை ஏசுவையும் செய்கின்றன. அச்சில் எடுத்து, காயவைத்து, வெள்ளை பூசி, உடம்பு நிறம், துணி, நகை என்று வந்து, கண்ணை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். உடம்புக்கு ஸ்ப்ரே அடித்துவிடலாம். கண்ணுக்கு பிரஷ்ஷும் ஆடாத கையும் வேண்டும். நேரமும் வேண்டும். நாமோ பொம்மைக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்கிறோம். அவர் எங்கே குறைப்பார்? மண்ணிலா, பெயின்ட்டிலா? கண்ணுக்குச் செலவிடும் நிமிஷத்தில்தான்.

வர்ணத்துக்காக மெனக்கெடுகிற ஆசாமிகள் உலகத்தில் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' என்ற கம்பெனி, 1983-ல் 'வார்ஹாமர்' என்ற மாயாஜால யுத்த விளையாட்டைக் கொண்டுவந்தது. விளையாட்டுக்கான வீரன், பூதம் எல்லாம் பெரும்பாலும் கட்டைவிரல் உயரம். துண்டு துண்டாக, வர்ணமே இல்லாமல் வரும். வாங்கியவரே ஒட்டி, பெயின்ட் அடிக்கவேண்டும். பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் அதே கம்பெனி விற்கிறது! 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் பட்டியலில் அது சேர்ந்தது. பி.காம். படித்த எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. பாதி வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டி, அதையே சந்தோஷமாக்கி விற்றிருக்கிறார்கள்.

அந்த வேலையும் லேசுப்பட்டதில்லை. அத்தனை சின்ன உருவத்தில் துணி மடிப்பின் நிழல் தானாகத் தெரியாது, வரைந்துதான் வரவழைக்கவேண்டும். நீர்த்த கறுப்பு வர்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவார்கள். கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் வெளிர் நிறத்தில் தடவுவார்கள். நிழலும் வெளிச்சமும் வந்துவிடும். 1987-ல் இதற்கென்றே 'கோல்டன் டீமன்' என்று ஒரு போட்டி தொடங்கினார்கள். ஜெயித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது.

அவர்கள் பாணியை விளாச்சேரி காப்பி அடிக்கவேண்டாம். அது உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்க்கிற கலை. நம்முடையது நாலடி தள்ளி நின்று, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. நமக்கு நிழலைவிடக் கோடு முக்கியம். புருவம் ஒரே இழுப்பில் வரவேண்டும், கண் நம்மைப் பார்க்கவேண்டும். அவர்களிடம் எடுத்துக்கொள்ளவேண்டியது வேறு. வர்ணம் வைத்தவரையும் கலைஞராக மதிக்கிற பழக்கம். பொம்மையின் அடியில் அவர் பெயரை எழுதினால் என்ன குறைந்துவிடும்? வர்ணம் அடிக்காத பொம்மை பத்தை, நாலு டப்பா பெயின்ட்டோடு குழந்தைகளுக்கு விற்றால் என்ன? ஒரே ஒரு புருவம் வரைந்து பார்க்கிற பையன், அதன் பிறகு விலை பேசும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

அதுவரைக்கும் நம்மால் ஆனது ஒன்று இருக்கிறது. ஒரே அச்சில் வந்த பத்துப் பொம்மைகளைக் கடையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பத்துக் கண்ணையும் பாருங்கள். ஒன்றாவது திருப்பி உங்களைப் பார்க்கும். அதற்குக் கேட்ட விலையைக் கொடுங்கள்.