நடுகல்லும் பெட்டியடியும்
போரிலிருந்து உயிரோடு திரும்பியவனை நம் இலக்கியம் எப்படி நடத்தியது?

கொச்சித் தமிழர்களுக்குப் போரும் படையும் தூரத்து விஷயங்கள் அல்ல. ஃபோர்ட் கொச்சியில் ஒரு பகுதிக்குப் பெயரே பட்டாளம். வெளி என்ற இடத்தில் உள்ள தோபிகானாவில் துணி வெளுக்கும் நம் தமிழ் வண்ணார் குடும்பங்களின் முன்னோர்கள், படைவீரர்களின் சீருடையைத் துவைப்பதற்காக டச்சுக்காரர் காலத்தில் கூட்டிவரப்பட்டவர்கள் என்று அந்தச் சமுதாயத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1663 முதல் 1795 வரை டச்சுக்காரன், அதற்குப் பிறகு வெள்ளைக்காரன். கோட்டையில் கொடி மாறியது. துவைகல்லுக்கு வந்த அழுக்குச் சட்டை மாறவில்லை. இன்று வில்லிங்டன் தீவில் தெற்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கிறது. நான் குடியிருக்கும் கும்பளங்கியில், பெயருக்கு முன்னால் 'பட்டாளம்' என்று சேர்த்துக் கூப்பிடப்படும் பெரியவர்கள் உண்டு. அந்த அடைமொழியை யாரும் கேலியாகச் சொல்வதில்லை. அது ஒரு முகவரி மாதிரி.

இந்த ஊரில் இருந்துகொண்டு தமிழ், மலையாளம் இரண்டையும் வாசிக்கிற ஒருவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. மலையாளத்தில் 'பட்டாளக் கதைகள்' என்று ஒரு தனி வகையே இருக்கிறது. கோவிலன், பாறப்புறத்து, நந்தனார், ஏகலவ்யன் என்று வரிசையாகப் பெயர் சொல்லலாம். தமிழில் அப்படி ஒரு வரிசை ஏன் இல்லை? தமிழன் பட்டாளத்துக்குப் போகாதவனா? மதராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கத்தை 1758 என்று கணக்கிடுகிறது. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்கள் தென்னாட்டுச் சிப்பாய்கள். அதே வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் சொல்கிறார்கள். 'வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு' என்ற ரெஜிமெண்டின் போர்முழக்கம் தமிழனுக்கும் மலையாளிக்கும் பொது. ஒரே முழக்கத்தைக் கத்திக்கொண்டு ஓடிய இருவரில், ஒருவன் ஊருக்கு வந்து நாவல் எழுதினான். இன்னொருவன் ஊருக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். இந்த மௌனத்துக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

செத்தவனுக்குக் கல், வந்தவனுக்கு?

நம்முடைய பழைய போர் இலக்கியம் மிகப் பெரியது. அதில் ஐயமில்லை. ஆனால் அது யாரைக் கொண்டாடுகிறது என்று கவனிக்க வேண்டும். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டு, அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் கிழவியை நம் பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய அந்தப் புறநானூற்றுத் தாய் (278ஆம் பாட்டு) மகிழ்கிறாள். அவனைப் பெற்ற பொழுதைவிட அதிகமாக மகிழ்கிறாள். எப்போது? துண்டுபட்டுக் கிடக்கும் உடலைக் கண்டபோது. அவன் நொண்டிக்கொண்டு உயிரோடு திரும்பியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? பாட்டு அதைச் சொல்லவில்லை. விழுந்தவனுக்கு நடுகல் உண்டு, மயிற்பீலி உண்டு, படையல் உண்டு. திரும்பி வந்தவனுக்கு அரசனின் கள்ளும் விருந்தும் கிடைத்திருக்கலாம். ஆனால் இரவில் தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பழைய வீரனை அந்தப் பாட்டுகளில் நான் தேடியிருக்கிறேன், அகப்படுவது அரிது.

இந்த மனப்பாங்கு மேடைப்பேச்சு வழியாக நவீன காலத்துக்கும் வந்துசேர்ந்தது. வீரம் என்றாலே சாவு என்று பழகிப்போன ஒரு சமூகத்தில், சாகாமல் வந்தவன் சொல்ல வேண்டிய கதையைக் கேட்கக் காது இல்லாமல் போனது என்பது என் வாதம்.

ப.சிங்காரத்தின் இரண்டு விடைகள்

தமிழில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர் ப.சிங்காரம் (1920–1997). சிங்கம்புணரிக்காரர். 1938இல் பிழைப்புக்காகச் சுமத்ராவின் மெடான் நகருக்குக் கப்பலேறி, போர்க்காலம் முழுவதையும் தென்கிழக்காசியாவில் கண்டு, 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி'யை 1962இல் எழுதி முடித்தும் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் அச்சானது. அச்சான பிறகும் பல காலம் கண்டுகொள்ள ஆளில்லை. இப்போது தமிழின் தலையாய நாவல்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

இரண்டு நாவல்களுக்கும் பின்னணி ஒன்றுதான்: ஜப்பானியர் வருகை, மலேயாத் தமிழர் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம், 1945இல் எல்லாம் கலைந்த கதை. விமர்சகர்கள் இரண்டாவது நாவலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள். முதலாவதை ஒத்திகை என்று ஒதுக்கிவிடுவார்கள். மொழியாட்சி, அங்கதம், பரப்பு, எல்லாவற்றிலும் 'புயலிலே ஒரு தோணி' பெரிது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடை தேடினால் தராசு வேறு பக்கம் சாய்கிறது.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் எப்படிப்பட்டவன்? அறிவாளி, அஞ்சாதவன், தமிழ்ப் பழம்பெருமையைப் பரிகாசம் செய்பவன். படை கலைந்த பிறகும் அவனால் கடைக்குத் திரும்ப முடியவில்லை. இந்தோனேசிய விடுதலைப் போரில் டச்சுக்காரர்களுக்கு எதிராகக் கெரில்லாவாகிறான். கடைசியில் சுடப்பட்டு அயல்மண்ணிலேயே சாகிறான். பழம்பெருமையை வரிக்கு வரி கிண்டல் செய்த ஆசிரியர், முடிவில் தன் நாயகனுக்கு அந்தப் பழைய மரபு தரும் பரிசையே தந்துவிடுகிறார். அது ஒரு நடுகல். படிக்கிறவன் நெஞ்சு கனக்கப் புத்தகத்தை மூடுகிறான். பாண்டியனை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட வேண்டிய சங்கடம் யாருக்கும் இல்லை.

'கடலுக்கு அப்பா'லில் அந்தச் சங்கடம்தான் கதை. வட்டிக்கடையில் வேலை பார்த்த இளைஞன் ராணுவத்துக்குப் போய், போர் முடிந்ததும் பழைய முதலாளியிடமே வருகிறான். முதலாளியின் மகளுக்கும் அவனுக்கும் அன்பு. பெண்ணின் தாய்க்கும் சம்மதம். முதலாளி கெட்டவர் அல்லர். அவனை வளர்த்துவிட்டவரே அவர்தான். ஆனால் துப்பாக்கி பிடித்தவன் கை இனிப் பெட்டியடிக்கு உதவாது என்பது அவருடைய கணக்கு. கடன் வாங்கியவனிடம் பணிந்து, குழைந்து, பொறுத்து வசூலிக்க வேண்டிய தொழில் அது. மேலதிகாரியின் உத்தரவுக்குக் குரல் கொடுத்துப் பழகியவனுக்கு அந்தக் குழைவு வருமா? வராது என்று முடிவு கட்டிப் பெண்ணைக் கொடுக்க மறுக்கிறார்.

இந்த மறுப்பைச் சிங்காரம் எழுதிய விதம்தான் நாவலின் உயிர். அங்கே துரோகி என்று யாரும் இல்லை. ஒரு சமூகம் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள, தன்னிடமிருந்தே போய் வந்த ஒருவனை மெதுவாக, மரியாதையாக வெளியே தள்ளுகிறது. பேரேடு எழுதுகிற கையால் அவன் பெயரை அடிக்கிறது. நாயகன் சாகவில்லை. பெண்ணை இழந்து, வேலையை விட்டு, இழப்போடு வாழக் கற்றுக்கொள்கிறான். போரின் விலையைக் களத்தில் அளக்காமல் கல்யாணப் பேச்சில் அளந்த இந்த நாவலை ஒத்திகை என்று எப்படிச் சொல்வது? நம் கேள்விக்கு இதுவே துணிச்சலான விடை.

பிராகாவில் என்ன நடந்தது?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். முதல் உலகப்போரில் செக் மக்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசருக்காகப் போரிட்டார்கள். ரஷ்யர்களிடம் பிடிபட்ட செக் கைதிகளிலிருந்து, அதே பேரரசை எதிர்த்துப் போராட ஒரு படை திரட்டப்பட்டது. செக்கோஸ்லோவாக் லெஜியன் என்று அதற்குப் பெயர். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்து 1942இல் இந்திய தேசிய ராணுவம் முளைத்த கதையோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் திரும்பி வந்தபோது நடந்தது வேறு. 1918இல் மசாரிக் தலைமையில் குடியரசு பிறந்ததும் லெஜியன்காரர்கள் புதிய ராணுவத்தின் முதுகெலும்பானார்கள். அரசு வேலையில் அவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு அந்தப் பெருமை அமுக்கப்பட்டது தனிக்கதை. நம் நாட்டிலோ, 1947க்குப் பிறகும் இ.தே.ரா. வீரர்களைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டமே 1972இல்தான் வந்தது. சிங்காரத்தின் நாவல் வெளிவந்த அதே வருஷம் என்பது தற்செயல்தான். இருந்தாலும் மனசில் தைக்கிறது.

அதே செக் நாடு இன்னொரு வகை வீரனையும் உலகுக்குக் கொடுத்தது. யாரோஸ்லாவ் ஹாஷெக் (1883–1923) எழுதிய 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்'. ராணுவ மருத்துவர்களே முட்டாள் என்று சான்றிதழ் கொடுத்த நாய் வியாபாரி அவன். எந்த உத்தரவையும் அப்படியே நிறைவேற்றி, அந்த உத்தரவைக் கேலிக்கூத்தாக்கிவிடுவான். ஹாஷெக்கே ரஷ்யர்களிடம் பிடிபட்டு, லெஜியனில் சேர்ந்து, 1918இல் அதை விட்டுச் செஞ்சேனைக்குப் போனவர். 1920 கடைசியில் பிராகாவுக்குத் திரும்பியபோது பலர் கண்ணுக்கு அவர் துரோகி. வரவேற்பில்லாத அந்த மனிதர் 1921இல் எழுத ஆரம்பித்த நாவல், முடியும் முன்பே அவர் போய்விட்டார். ஆனாலும் புத்தகம் நின்றது. மாலை போடப்பட்ட லெஜியன்காரனும் வேண்டும், சிரித்துக்கொண்டே தப்பித்த ஷ்வெய்க்கும் வேண்டும் என்று ஒரு சமூகம் இருவரையும் வைத்துக்கொண்டது. நாம் இருவரில் ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை.

மலையாளிக்கு எப்படி வாய்த்தது?

பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்போம். கோவிலன் (1923–2010) கடற்படையிலும் பிறகு ராணுவத்தின் சிக்னல் பிரிவிலும் இருந்தவர். பாறப்புறத்து (1924–1981) ஏறக்குறைய இருபது வருஷம் ராணுவத்தில் கழித்தவர். குடும்பக் கஷ்டத்தால் பட்டாளத்தில் சேரும் இளைஞனைப் பற்றி 1955இல் அவர் எழுதிய 'நிணமணிஞ்ஞ கால்பாடுகள்' 1963இல் சினிமாவாகவும் வந்தது. நந்தனார் (1926–1974) பசியை ஒளிக்காமல் எழுதியவர். இவர்கள் கதைகளில் வீரவசனம் குறைவு. மணியார்டர், லீவு, மேலதிகாரியின் ஏச்சு, ரயில் பயணம், வீட்டில் எதிர்பார்த்துக் கிடக்கும் கடன், இவைதான் அதிகம். சிப்பாயை அவர்கள் சம்பளக்காரனாகப் பார்த்தார்கள். அதனால்தான் ஊரும் அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாகப் படித்தது.

இதற்குப் புறக்காரணங்களும் உண்டு. 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூடிக் கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கினார்கள். அதே 1945இல் பி.என்.பணிக்கர் முயற்சியில் கிராம நூலகங்கள் ஒரு சங்கமாக இணையத் தொடங்கின. எழுதுகிறவனுக்கு அச்சு இருந்தது, கிராமத்தில் அலமாரி இருந்தது. பத்து வருஷம் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு சிங்காரம் காத்திருந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஆனால் மலையாளச் சமூகத்தையும் தேவைக்கு மேல் புகழ வேண்டியதில்லை. நந்தனார் 1974இல் ஒரு விடுதி அறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கதையைக் கேட்பது வேறு, ஆளைத் தாங்குவது வேறு.

ஈழத்திலிருந்து வந்த குரல்

தமிழில் இந்த மௌனம் உடைந்தது ஈழத்தவரால். ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. இயக்கத்திலிருந்து விலகிப் பிரான்சில் அகதி விண்ணப்பம் போடும் ஒருவனின் கதை. ஹாஷெக்கைப் போலவே சிரிக்கவைத்து அடிவயிற்றைப் பிசைகிற எழுத்து. 2016இல், ஆசிரியர் மறைந்த பிறகு, தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' வெளியானது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பில் இருந்தவர், 2009 தோல்விக்குப் பின் சிறை, புனர்வாழ்வு எல்லாம் கடந்து எழுதிய தன்வரலாறு அது. அந்தப் புத்தகத்தை எதிர்த்துக் கிளம்பிய கோபத்தில் ஒரு குரலைக் கூர்ந்து கேட்டேன்: இவள் ஏன் உயிரோடு வந்தாள் என்ற குரல். நச்செள்ளையாரின் கிழவி இன்னும் வாளோடு நிற்கிறாள். தமிழினி சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவரை மறுக்கலாம், வாதாடலாம். ஆனால் சாகாமல் வந்ததையே குற்றமாக்கினால், அடுத்து யார் வாய் திறப்பார்கள்? களத்திலிருந்து வந்த பெண்களுக்கு ஊரில் வரன் அமைவது கஷ்டமாயிருக்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, பினாங்கில் பெண் மறுக்கப்பட்ட அந்தக் கடைப்பையன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறான்.

நம் கையில் உள்ளது

இதையெல்லாம் ஒரு சங்க மலரில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நாமே கடலுக்கும் மலைக்கும் அப்பால் பிழைக்க வந்தவர்கள். மட்டாஞ்சேரிக் கடைகளின் பெட்டியடியும் தோபிகானாவின் துவைகல்லும் நம்முடையவை. நம் குடும்பங்களிலும் படைக்குப் போனவர்கள், படைக்குச் சமைத்தவர்கள், படைக்கு வெளுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பெட்டியில் ஒரு பதக்கமோ, பென்ஷன் புத்தகமோ, பர்மாவில் எடுத்த மங்கிய படமோ இருக்கலாம். அந்தப் பெரியவர்களிடம் 'எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா' என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு, 'ஊருக்கு வந்ததும் உங்களை எப்படி வச்சுக்கிட்டாங்க' என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். முதல் கேள்விக்கு வரும் விடை பழைய பாட்டாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடையில்தான் இன்னும் எழுதப்படாத தமிழ் நாவல் இருக்கிறது. அதை எழுதுகிறவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், பத்து வருஷம் காக்கவைக்காமல் இந்தச் சங்கமே அச்சிட்டுக் கொடுக்கட்டும்.