ஊளை அடங்கிய பின்

அம்பத்தூரில் மின்சார ரயிலேறி சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போய் கெபாசிட்டர் வாங்கி வருவதே தனி சுகம். வீட்டில் காத்திருப்பது சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர். பழைய வால்வு ரேடியோவின் அதே சூடு, அதே ரீங்காரம்.

ஆனால் இந்த ஆம்ப்ளிஃபயர் கிடாருக்கென்று செய்தது; நான் ஊதுவதோ மவுத் ஆர்கன். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஊதினால் ஊளையிடும். முதல் வால்வான 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100. அதைக் கழற்றி, ஏறக்குறைய 44 உள்ள 12ஏஒய்7-ஐச் செருகினால் ஊளை அடங்கும். ஒலி தடித்து, ஓரங்களில் அழகாகக் கரகரக்கும். 1952-இல் 'ஜூக்' இசைத்தட்டில் சிகாகோவின் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்ட்டர் ஊதினாரே, அந்தக் கரகரப்புக்கு உறவு! எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

கெபாசிட்டர் மாற்றுவதானால் மட்டும் நிதானம் வேண்டும். சுவிட்சை அணைத்த பின்னும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.