முடிக்காத கணக்கு

லூக்கா சுவிசேஷத்தின் உவமைகளை அதிகம் கெடுத்தவர்கள் பிரசங்கிகள்தாம். கதையைச் சொல்லி முடித்த கையோடு சாரத்தைப் பிழிந்து, ஈகை நல்லது, சுயநலம் கெட்டது என்று நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு உவமை எதற்கு? ஒரு வாக்கியம் போதுமே. உவமையின் அறம் அதன் உருவத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

12ஆம் அதிகாரத்து ஐசுவரியவானை எடுத்துக்கொள்வோம். நிலம் நன்றாக விளைகிறது. வைக்க இடமில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கிறான். அவன் திருடவில்லை, யாரையும் வாசலிலிருந்து விரட்டவுமில்லை. ஆனால் கதையில் வேறு மனிதரே கிடையாது. அறுத்தவர்கள் யார், இடித்துக் கட்டப்போகிறவர்கள் யார் என்ற பேச்சே எழவில்லை. பேசுகிறவன் அவன், கேட்பது அவன் ஆத்துமா. சுயநலத்தை ஒரு குணமாக வர்ணிக்காமல் தனிமொழியாக எழுதியிருக்கிறார் லூக்கா. அதைக் கலைக்கக் கடவுளே குறுக்கிட வேண்டியிருக்கிறது. இன்றிரவு நீ போனால் சேர்த்ததெல்லாம் யாருக்கு என்று கேட்கிறார்.

10ஆம் அதிகாரத்துச் சமாரியன் கதையிலோ ஜன நடமாட்டம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் கள்ளர், ஆசாரியன், லேவியன், சமாரியன், கடைசியில் விடுதிக்காரன். சமாரியனின் உருக்கத்துக்குக் கிரேக்க மூலம் செலவிடுவது ஒரே ஒரு வினைச்சொல். மீதியெல்லாம் காரியங்கள்: எண்ணெய், திராட்சரசம், காயக்கட்டு, ஏற்றிச்செல்ல மிருகம், தங்க இடம், 2 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. அவன் வாய் திறப்பது ஒரு தடவைதான், அதுவும் பணத்தைப் பற்றி: மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று. வங்கி கவுண்டரில் காலம் தள்ளுகிற எனக்கு இந்த இடம் எப்போதும் திக்கென்றிருக்கும். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் அது.

அந்த விடுதியைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘சத்திரம்’ என்கிறது. நமக்குச் சத்திரம் பெரும்பாலும் யாரோ புண்ணியத்துக்கு எழுதிவைத்த இடம். மூலத்தில் அது காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் இடம். சொல் சாதுவானதும் கதையின் கூர் மழுங்குகிறது. இரக்கமும் ஒரு வியாபாரியின் கை வழியாகத்தான் போய்ச்சேர வேண்டியிருக்கிறது என்பதே அந்தக் கூர்.

ஆனால் இன்னொரு சொல்லில், தெரிந்தோ தெரியாமலோ, அதே மொழிபெயர்ப்பு ஜெயித்திருக்கிறது. எனக்கு அயலான் யார் என்று நியாயசாஸ்திரி கேட்கும் இடத்தில் மூலச்சொல் அருகிலிருப்பவனைக் குறிக்கிறது. தமிழில் ‘பிறன்’ என்று போட்டார்கள். ‘பிறனில் விழையாமை’ என்று குறளில் அதிகாரமே உண்டு. நம் காதில் பிறன் மற்றவன், தள்ளி நிற்பவன். நியாயசாஸ்திரிக்கு வேண்டியது ஓர் எல்லைக்கோடு. இயேசு கேள்வியைத் திருப்பிப்போடுகிறார்: மூவரில் அடிபட்டவனுக்கு அப்படி ஆனவன் யார்? தள்ளி நின்ற சொல்லே பக்கத்தில் வந்து உட்காரும் இந்த நகர்வு தமிழில் கூடுதலாகக் கேட்கிறது.

பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்தது விதவையின் 2 காசு. மாற்கு அதை வைத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்மீது கண்டனம். அடுத்தாற்போல், தேவாலயம் கல்மேல் கல்லின்றிப் போகும் என்ற அறிவிப்பு. இது பாராட்டா, புலம்பலா என்ற கேள்வியை விவிலிய அறிஞர் அடிஸன் ரைட் 1982இல் எழுப்பினார். எனக்குப் புலம்பலென்றே படுகிறது. எல்லோரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்கிறார் இயேசு. ஆனால் சமாரியன் கதையின் முடிவில் வரும் ‘போய் அப்படிச் செய்’ என்ற கட்டளை இங்கே வரவில்லை. ஜீவனத்துக்கு வைத்திருந்ததையெல்லாம் போட்டுவிட்டவளைப் புகழ்ந்துகொண்டே அடுத்தவளிடம் உண்டியலை நீட்டுகிறவன், முந்தைய வரிகளைப் படிக்காதவன். அல்லது நன்றாகவே படித்தவன்.

சமாரியன் திரும்பி வந்தானா? அடிபட்டவன் பிழைத்தானா, நன்றி சொன்னானா? லூக்கா சொல்லவில்லை. பிரசங்கியானால் அவனைத் திரும்ப வரவழைத்துப் பாக்கியைத் தீர்த்துவைத்திருப்பார். கதையில் அந்தப் பற்று இன்னும் நிலுவையில் நிற்கிறது.