கழுவிய படிகள்

1917இல் மார்சல் துஷாம்ப் ஒரு சிறுநீர்க் கலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினார். அன்றாடத்தைக் கலைக்குள் கொண்டுவந்த கணம் என்று எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பாதி சம்மதம்தான். அதன் பிரதிகள் இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. சரி, தினமும் அங்கே தூசி தட்டுவது யார்?

இதைக் கேட்டவர் மியர்ல் லாடர்மன் யூகிலிஸ். குழந்தை பிறந்தபின் துணி மாற்றவும் வீட்டைக் கூட்டவுமே நாள் போனது. 1969இல் பராமரிப்பே தன் கலை என்று அறிக்கை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டில் அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவினார். மரபை உதறிய நவீனர்களும் 'புதிதாகச் செய்பவனே கலைஞன்' என்ற பழைய நம்பிக்கையை விடவில்லை. அதைப் போட்டு உடைத்தவர் இவர்.

பழைய மென்பொருளைப் பராமரித்தே பிழைப்பவன் நான். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வரைத் தூக்கி நிறுத்தினால், காலையில் யாருக்கும் ஒன்றுமே நடந்திருக்காது. கைதட்டல் புது ஃபீச்சருக்குத்தான். அதனாலேயே 1979-80இல் நியூயார்க்கின் சுமார் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களிடம் யூகிலிஸ் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி நன்றி சொன்னது என்னை அசைக்கிறது. நெருடலும் உண்டு. கலை வரலாற்றில் பெயர் நின்றது அவருக்கு மட்டும். அவர்கள் மறுநாளும் குப்பை அள்ளத்தான் போனார்கள். ஆனால் அவரும் கைகொடுத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. 1977இலேயே அந்தத் துறைக்குள் சம்பளமில்லாக் கலைஞராகப் போனவர், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார்.