விஞ்ஞானம் என்ற அனுமதிச் சீட்டு

1979 மார்ச்சில் சீனாவின் சிச்சுவான் மாநில நாளேடு ஒரு செய்தியை வெளியிட்டது. மடித்த காகிதத்தில் எழுதியிருப்பதை, காதருகே வைத்தே ஒரு சிறுவன் படித்துவிடுகிறான் என்றது அது. சோதிக்கப் போன மருத்துவர்கள், அவன் காகிதத்தை ஒளிவுமறைவாகப் பிரித்துப் பார்ப்பதைக் கண்டார்கள். ஆனாலும் அதேபோன்ற குழந்தைகள் ஊர் ஊராகத் தோன்றினார்கள். இந்த ஆற்றலுக்கு உடலில் ஓடும் 'சி' என்னும் உயிராற்றலே காரணம் என்றார்கள் சிகோங் ஆசிரியர்கள்.

மூச்சையும் மனத்தையும் ஒருமுகப்படுத்தும் சிகோங், ஆயிரமாண்டுப் பழமை மாறாமல் வந்த கலை என்றே பலரும் நம்புகிறார்கள். டேவிட் பால்மர் 2007-இல் வெளியிட்ட 'சிகோங் ஃபீவர்' என்ற நூல் அந்த நம்பிக்கையை உடைக்கிறது. பயிற்சிகள் பழையவை, அவற்றைத் தொகுத்துப் பெயர் சூட்டி மருத்துவமாக்கியது கம்யூனிஸ்ட் கட்சி. இப்பயிற்சிகளால் வயிற்றுப்புண் குணமான லியூ குயிஜென் என்ற கட்சி ஊழியர்தான் அதன் தொடக்கம். தாவோ, பௌத்தச் சடங்குகளைக் களைந்த அந்தப் பயிற்சி, கட்சித் தலைவர்கள் ஓய்வெடுக்கும் பெய்தாய்ஹே கடற்கரையில் 1950-களில் சிகிச்சையாகவே நடந்தது. கலாசாரப் புரட்சி அதை முடக்கியது. மாவோவுக்குப் பின் அது மீண்டபோது, மதம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. விஞ்ஞானம் என்று சொன்னால் எல்லாக் கதவும் திறந்தது.

திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர் சியென் சுவேசென். அமெரிக்காவிலிருந்து 1955-இல் திரும்பி, சீன ஏவுகணைத் திட்டத்தை வளர்த்தவர். பொருளியலாளர் யூ குவாங்யுவான் இந்த அதிசயங்களைப் போலி விஞ்ஞானம் என்று வெளிப்படையாகச் சாடினார். அதை எதிர்த்து 1982-இல் சியென் கட்சியின் பிரசாரத் துறைக்குக் கடிதம் எழுதினார். மனித உடலின் அபூர்வ ஆற்றல்கள் உண்மையே என்று அவர் உறுதி சொன்னது ஆய்வு முடிவுகளின் மேல் அல்ல, தன் கட்சிப் பற்றின் மேல். மேலிடம் ஓர் ஆணை பிறப்பித்தது: பரப்பவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம், ஒரு சிலர் ஆராயட்டும். நடுநிலைபோலத் தோன்றும் இந்த ஆணைதான் பின்னால் வந்த கேடுகளுக்கு வேர் என்பது என் முடிவு. கேள்வி கேட்டவரின் வாயை அது கட்டியது. ஆராய்ந்தவர்களோ பெரும்பாலும் முன்பே நம்பியவர்கள்.

1986-இல் சீன சிகோங் அறிவியல் ஆய்வுக் கழகம் உருவானது. அதன் தலைவர் ஜாங் ஜென்ஹுவான், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் பணியாற்றிய படைத்தளபதி. அடுத்த ஆண்டு சிங்ஹுவா பல்கலைக்கழகச் சோதனைகளில், யான் ஷின் என்ற சிகோங் ஆசிரியர் 2,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தண்ணீரின் மூலக்கூறுகளை மாற்றினார் என்று அறிவித்தார்கள். சியென் அதைப் பாராட்டினார். ஐயம் கொண்டவர்கள் கூடநின்று அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்திருக்க வேண்டும். அதற்குள் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் கூடத் தொடங்கிவிட்டார்கள். நான்சி சென்னின் 'ப்ரீதிங் ஸ்பேசஸ்' (2003) இந்த இடத்தில் முக்கியமானது. பூங்காவில் நின்ற எளிய மனிதர்களையும், பயிற்சியால் மனம் பேதலித்து மருத்துவமனைக்கு வந்தவர்களையும் அது காட்டுகிறது.

1992-இல் சாங்சுன் நகரில் லி ஹோங்ஜி ஃபாலுன் கோங் பயிற்சியைத் தொடங்கியதும் அந்தக் கழகத்தின் நிழலில்தான். 1994-இல் ஜாங் ஜென்ஹுவான் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில் அறிவியல் பரப்பலை வலுப்படுத்த அரசு ஆணையிட்டது. காற்று திசை மாறியது. 1996-இல் லி கழகத்தைவிட்டு விலகினார். அதன்பின் அவருடைய இயக்கத்துக்கு எந்தப் புரவலரும் இல்லை.

1999 ஏப்ரலில் இயற்பியலாளர் ஹெ சுவோஷியு, இளைஞர்கள் சிகோங் பயிலக் கூடாது என்று தியான்ஜினில் வெளியான ஓர் இதழில் எழுதினார். ஃபாலுன் கோங் பயில்வோர் அதை எதிர்த்துத் திரண்டார்கள், சிலர் கைதானார்கள். ஏப்ரல் 25 அன்று சுமார் 10,000 பேர், பெய்ஜிங்கில் தலைவர்கள் வாழும் ஜோங்நான்ஹாய் வளாகத்தைச் சுற்றி அமைதியாக நின்றார்கள். ஜூன் 10-இல் இயக்கத்தை ஒடுக்கத் தனி அலுவலகம். ஜூலை 22-இல் தடை. தடையும் விஞ்ஞானத்தின் பெயரால்தான் வந்தது.

ஃபாலுன் கோங்கை ஆய்வாளர் டேவிட் ஓன்பி (2008) பழைய மக்கள் சமயக் குழுக்களின் தொடர்ச்சியாகப் பார்க்கிறார். பெஞ்சமின் பென்னி (2012) அதன் போதனைகளைப் படிக்கிறார். ஜேம்ஸ் டாங் (2009) ஒடுக்குமுறை எந்திரம் இயங்கிய விதத்தை விவரிக்கிறார். ஓன்பியின் வரலாற்றுப் பார்வை ஆழமானது. ஆனால் தடை ஏன் அந்த ஆண்டில், அவ்வளவு மூர்க்கமாக வந்தது என்பதற்குப் பால்மரே நெருக்கமான விடை தருகிறார். கட்சிக்குள் காத்தவர்கள் போனதும், இலட்சக்கணக்கானோரைத் திரட்டிய வலைப்பின்னல் மட்டும் தனித்து நின்றது. அதைக் கண்டுதான் ஆட்சி அஞ்சியது.

தண்ணீர் மாறியதா இல்லையா என்பதை அரசு இருமுறையும் ஆணையால் தீர்த்தது. அதற்கான விலையைத் தளபதியும் ஏவுகணை மேதையும் கொடுக்கவில்லை. பூங்காவில் பயிற்சி செய்த முதியவர்கள் சிறையிலும் மறுகல்வி முகாம்களிலும் கொடுத்தார்கள். 2001-இல் சிகோங், அரசின் விளையாட்டுத் துறைக்குக் கீழே, உடல்நலப் பயிற்சி என்ற பெயரில் கொண்டுவரப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.