ஐபீஸை ஓரங்கட்ட வேண்டாம்

வானம் பார்க்கும் ஆர்வலர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு வாதம் வேரூன்றி வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், எண்ணூர் அனல்மின் நிலையங்கள், தெற்கே சென்னை என எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் ஏறிய வானத்தில் கண்ணால் பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை. புதுவாயல் போன்ற ஊர்களுக்கு ஸ்மார்ட் தொலைநோக்கிதான் கதி என்கிறார்கள். கைபேசியில் பெயரைத் தொட்டால் கருவி தானே திரும்பும். பத்து விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கித் திரையில் காட்டிவிடும். பள்ளிகளுக்கும் இதையே வாங்கித் தரச் சொல்கிறார்கள்.

கருவியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஓரியன் நெபுலாவையும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தையும் இவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவிலும் நிறத்தோடு தருகிறது. குனிந்து பார்க்க முடியாத முதியவர்களுக்கு அது வரம். ஒரு வகுப்பே கூடி நின்று பார்க்கலாம்.

ஆனால் திறந்த விண்மீன் கொத்துகளுக்கும் அதே மருந்தை எழுதிக் கொடுப்பது தவறு. இதை நான் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறேன். வெளிச்ச மாசு எல்லாவற்றையும் ஒரே அளவில் அழிப்பதில்லை. நெபுலாவின் ஒளி பரந்து கிடப்பது. வானம் வெளுத்தால் அதில் கரைந்துபோகும். கொத்தில் இருப்பவையோ தனித்தனி விண்மீன்கள். தொலைநோக்கியில் அவை புள்ளிகளாகவே நிற்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பின்னணி வெளுப்பு பரவி மங்கும். புள்ளிகள் அந்த அளவுக்கு மங்குவதில்லை. நிலாவையும் கோள்களையும் விட்டால், தொழிற்பேட்டை வானத்தில் கண்ணுக்கென்று மிஞ்சியிருக்கும் பெரிய சொத்து இந்தக் கொத்துகள்தான்.

ஊரின் இருப்பிடமும் கைகொடுக்கிறது. புதுவாயல் 13 பாகை வடக்கை ஒட்டி இருப்பதால், கார்த்திகைக் கூட்டம் உச்சம் தொடும்போது ஏறத்தாழ 79 பாகை உயரத்தில் நிற்கிறது. பூச நட்சத்திரத்தை ஒட்டிய மெசியே 44 என்ற கொத்து இன்னும் மேலே. கடக ராசியிலேயே இருக்கும் மெசியே 67 கிட்டத்தட்ட நேர் உச்சியில் கடக்கிறது. அடிவானத்தில் தேங்கும் வெளிச்சத்திலிருந்து இதைவிட விலகிய இடம் வானத்தில் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரி முதல் மார்ச் வரை இவை எல்லாம் முன்னிரவில் கிடைக்கின்றன.

மெசியே 67-ஐயே எடுத்துக்கொள்வோம். வயது ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள். திறந்த கொத்துகளில் கிழம். 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள டாப்சோனியன் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் உருப்பெருக்கம் 48 மடங்கு. அதில் ஒரு சாம்பல் திட்டும் அதன் மேல் சில புள்ளிகளும் தெரியும், அவ்வளவே. 10 மி.மீ. ஐபீஸுக்கு மாற்றினால் 120 மடங்கு. பின்னணி கருக்கிறது, திட்டு உடைந்து புள்ளிகள் பெருகுகின்றன. நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணைக் கொடுத்தால் இன்னும் சில எட்டிப் பார்க்கும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குள் ஒரே கொத்து பார்ப்பவரின் கண்ணெதிரே வளர்கிறது. பார்த்ததைப் பென்சிலால் தாளில் புள்ளி வைத்துக் குறிக்கும் பிள்ளை, எது ஐயம், எது உறுதி என்று தானே தீர்மானிக்கக் கற்றுக்கொள்கிறது. கலிலியோ 1610-ல் கார்த்திகையில் 36 விண்மீன்களை வரைந்து வெளியிட்டதும் இந்த வேலைதான். சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்ததும் ஐபீஸில் பழகிய கண்ணால்தான்.

திரை இந்த வேலை முழுவதையும் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கொத்தைத் தேடியது கருவி, எந்தப் புள்ளி உண்மை என்று முடிவு செய்தது மென்பொருள். அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஏற்கனவே அச்சான ஒரு படத்தை வைத்தாலும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை. அதற்கு எதற்காக இரவில் மொட்டைமாடிக்கு வரவேண்டும்?

படத்தின் தரமும் இங்கே பெருமைப்படும்படி இல்லை. சிரியசுக்கு நான்கு பாகை தெற்கே உள்ள மெசியே 41-இன் நடுவில் ஓர் ஆரஞ்சு விண்மீன் உண்டு. சுற்றியுள்ள நீலவெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே ஐபீஸில் அது பளிச்சென்று பிரிந்து தெரியும். அடுக்கிய படத்தில் பிரகாசமான விண்மீன்கள் எளிதில் ஊதி வெளுத்துவிடுகின்றன. நிறமும் போகிறது, பிரகாச வேறுபாடும் போகிறது. கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ இரண்டு பாகை அகலம். சந்தையில் பரவலாக விற்கும் ஒரு 50 மி.மீ. ஸ்மார்ட் தொலைநோக்கியின் சட்டகம் 1.3-க்கு 0.7 பாகை. கூட்டம் அதற்குள் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு 10×50 பைனாகுலர் அதை முழுவதுமாக, சுற்றியுள்ள வானத்தோடு, தூக்கிய நொடியில் காட்டிவிடும்.

இந்தப் பகுதியின் ஆலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தர நினைத்தால், பாராட்டு. ஆனால் திரைக்கருவி வேண்டாம். ஒரு 150 மி.மீ. டாப்சோனியன், இரண்டு ஐபீஸ், இரண்டு பைனாகுலர், கொஞ்சம் வரைதாள் போதும். கூடவே ஆலை முற்றத்து விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி செய்யுங்கள். மார்ச் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மெசியே 44 தலைக்கு மேல் வரும். அன்றே பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.