டயர் லேபிளை எவ்வளவு நம்பலாம்?

வேகமான கார் வைத்திருப்பவர் டயர் மாற்றப் போகும்போது இரண்டு விஷயங்களைக் கேட்கிறார். மழையிலும் வளைவிலும் டயர் சாலையை விடாமல் பிடிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகம் நூறைத் தொட்டாலும் பின் இருக்கையில் இருப்பவர் பேசுவது காதில் விழ வேண்டும். இந்த இரண்டையும் ஒரே டயரில் தேடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளைப் பார்த்து முடிவெடுப்பது. 2012 நவம்பரில் வந்த அந்த லேபிள் 2021 மே மாதத்தில் திருத்தப்பட்டது. எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரச் சாலைப் பிடிப்புக்கும் A முதல் E வரை ஓர் எழுத்து, சத்தத்துக்கு ஒரு டெசிபெல் எண்ணும் A, B, C என்ற ஒரு வகுப்பும் அதில் இருக்கும். இந்தியாவில் அதை ஒட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் மிஷ்லின், கான்டினென்டல், குட்இயர், வ்ரெடஸ்டைன் என்று அங்கே விற்கும் பெயர்கள் இங்கேயும் விற்பதால், அந்த எண்களை வைத்து இங்கே வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிப்பைப் பொறுத்தவரை அந்த லேபிள் நல்ல வழிகாட்டி. காருக்குள் கேட்கும் சத்தத்தைப் பொறுத்தவரை அதை நம்பி வாங்குவது தவறு.

பிடிப்பிலிருந்து தொடங்கலாம். லேபிள் வருவதற்கு முன் வாங்குபவருக்குக் கிடைத்ததெல்லாம் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். 'இது சாஃப்ட் ரப்பர், ரோட்டைக் கவ்வும். அது ஹார்டு, ரொம்ப நாள் ஓடும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது அரை முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தண்ணீர் நிற்கும் தளத்தில் பிரேக் அடித்து, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு இறங்க எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். அதை ஒரு பொது ஒப்பீட்டு டயரோடு வைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே வண்டி நிற்கும் தூரத்தில் மூன்று முதல் ஆறு மீட்டர் வரை வேறுபாடு வரும். ஒரு செடான் காரின் நீளம் நாலரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்னால் நிற்கும் லாரிமீது மோதுவதற்கும் மோதாமல் தப்புவதற்கும் உள்ள தூரம் அது. இந்த அளவுக்குப் பயனுள்ள ஒரு தகவல் டயர் வியாபாரத்தில் அதற்கு முன் பொதுமக்கள் கைக்கு வந்ததில்லை.

பழைய 'சாஃப்ட், ஹார்டு' பேச்சைக் காலாவதியாக்கியது ரப்பரில் வந்த மாற்றம். ரப்பர் நசுங்கி மீளும்போது ஒரு பங்கு ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதிந்து விடுபடும்போது நிகழும் இந்த இழப்புதான் ஈரத்திலும் பிடிப்பைத் தருகிறது. ஆனால் சக்கரம் உருளும்போதும் ரப்பர் நசுங்குகிறது. அந்த இழப்பு பெட்ரோலைத் தின்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினான்கு முறை சுழலும். சாலையோடு உரசும் அதிர்வுகளோ நொடிக்கு ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. இந்த இரண்டு அதிர்வெண்களையும் தனித்தனியே கையாள ஒரு வழி வேண்டியிருந்தது. கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்த ரப்பரை மிஷ்லின் 1992இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் உருளும்போது குறைவாகவும் உரசும்போது அதிகமாகவும் ஆற்றலை இழக்கும் ரப்பர் பரவலானது. இன்றைய பைலட் ஸ்போர்ட் 5 போன்ற டயர்கள் ஈரப் பிடிப்பில் A வாங்குவதன் அடித்தளம் இதுதான். மென்மையான ரப்பர் சாலையில் மோதும்போது எழும் தட்டொலியும் குறைவு என்பதால், நன்றாகப் பிடிக்கும் டயர் கட்டாயம் இரைச்சலாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை.

ஈரப் பிடிப்புச் சோதனையிலும் குறைகள் உண்டு. அது நேர்கோட்டில் பிரேக் அடிப்பதை மட்டுமே அளக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கார் எப்படித் திரும்பும் என்பதைச் சொல்லாது. ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் என்பது நனைந்த சாலை, அவ்வளவே. நவம்பர் மழையில் சென்னை ஓஎம்ஆர் சாலையில் தேங்கும் தண்ணீருக்குள் வேகமாக நுழைந்தால் டயர் மிதக்குமா மிதக்காதா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் டயரில் வெட்டிய பள்ளங்களின் அகலத்திலும் ஆழத்திலும் இருக்கிறது, லேபிளில் இல்லை. லேபிளில் இருக்கும் எழுத்து புது டயருக்கு உரியது என்பதையும் மறந்துவிடுகிறோம். எட்டு மில்லிமீட்டர் ஆழத்தோடு வரும் பட்டன் மூன்றாகத் தேய்ந்த பிறகு A எங்கே போனது என்று தெரியாது. சட்டம் அனுமதிக்கும் எல்லை 1.6 மில்லிமீட்டர். நம் மழைக்கு அதுவரை ஓட்டுவது மொட்டை டயரில் ஓட்டுவதுதான். இவ்வளவு சொன்ன பிறகும், ஈரப் பிடிப்பில் A உள்ள டயரை C உள்ளதற்கு மேலாக வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. கடினமான ஒரு பாதுகாப்புக் கேள்விக்கு லேபிள் நேர்மையான ஒரு பகுதி விடையைத் தருகிறது.

சத்தத்தில் கதை வேறு. அந்த டெசிபெல் எண் எங்கே அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தெளியும். இன்ஜினை அணைத்துவிட்டு, 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி காரை உருளவிடுகிறார்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக் நிற்கிறது. தெருவோரம் வசிப்பவரின் காதைக் காக்க வந்த அளவு அது. அந்த நோக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் காதை அந்தச் சோதனை ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? டயர் சத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. பள்ளங்களில் சிக்கிய காற்று புல்லாங்குழலில் போல அதிர்ந்து, ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய சீறலாக வெளியே பரவும். வெளியே நிற்கும் மைக் பெரும்பாலும் பிடிப்பது இதைத்தான். காரின் கதவும் கண்ணாடியும் ரப்பர் பட்டையும் இதில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். இன்னொன்று தாழ்ந்த ஒலி. பொத்தென்ற அதிர்வும் ஓயாத உறுமலுமாக அது சைடுவால், ரிம், சஸ்பென்ஷன் வழியாக உலோகத்தில் ஏறி நேராகக் காருக்குள் வருகிறது. டயருக்குள் அடைபட்ட காற்றே 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிக்கும். ஒவ்வொரு குழியிலும் மேட்டிலும் அது எழும்பும். நீண்ட பயணத்தில் தலையை வலிக்க வைப்பது இந்த இரண்டாவது வகை. ஸ்போர்ட்ஸ் டயரின் விறைப்பான சைடுவால் இதை இன்னும் தாராளமாக உள்ளே கடத்தும். ஆக, லேபிளில் 68 டெசிபெல் வாங்கிய டயர் உங்கள் காருக்குள் 71 வாங்கியதைவிட அதிகமாக உறுமலாம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு சத்தங்கள்.

இதற்கு நல்ல சான்று உள்ளே பஞ்சு ஒட்டிய டயர்கள். கான்டிசைலென்ட், மிஷ்லின் அக்கௌஸ்டிக், பிரெல்லியின் பிஎன்சிஎஸ் ஆகியவற்றில் பாலியூரித்தேன் பஞ்சு டயருக்குள் இருக்கும் காற்றின் ஒலியை உறிஞ்சுகிறது. காருக்குள் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளியே நிற்கும் மைக்குக்கோ அநேகமாக ஒன்றும் தெரியாது. உட்சத்தத்தைக் குறைக்கவென்றே செய்த ஒரு தொழில்நுட்பத்தை அந்த எண் கண்டுகொள்வதில்லை என்றால், அதை வைத்து உட்சத்தத்தைக் கணிப்பது எப்படி? (அப்படிப்பட்ட டயர் வாங்குவோர் பஞ்சர் கடையிலும் விசாரித்துக்கொள்வது நல்லது. உள்ளிருந்து ஒட்டுப் போட, அந்த இடத்துப் பஞ்சை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும்.)

வகுப்பு எழுத்து இன்னும் அதிகமாக ஏமாற்றும். A, B, C என்பவை அந்த அகலத்துக்குரிய சட்ட வரம்போடு ஒப்பிட்டுத் தரப்படுபவை. 185 மில்லிமீட்டருக்கு மேல் 215 வரையான டயருக்கு வரம்பு 71 டெசிபெல். 275க்கு மேல் போனால் 74. வரம்பைவிடக் குறைந்தது மூன்று டெசிபெல் கீழே இருந்தால் A. அதனால் 71 டெசிபெல் எழுப்பும் 285 டயர் A வாங்கும். 69 எழுப்பும் 205 டயர் B வாங்கும். எழுத்தை மட்டும் பார்ப்பவர் அதிகச் சத்தம் போடுவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார். கருவியின் பிழைக்காக ஒரு டெசிபெல்லைக் கழித்து, மிச்சப் பின்னத்தையும் விட்டுவிட்டுத்தான் அந்த முழு எண்ணை எழுதுகிறார்கள். எனவே ஒரு டெசிபெல் வித்தியாசத்துக்காக மனதை அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சோதனை நடக்கும் தளமும் எட்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத ஜல்லி கொண்ட, சீரான தார்த் தளம். மும்பை–புணே விரைவுச்சாலையின் கான்கிரீட்டிலோ பெருஜல்லி தெரியும் நம் மாநிலச் சாலைகளிலோ அந்த வரிசை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் அமைதிக்கு எதை நம்புவது? டயரின் அளவை. இதைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கேட்க விரும்புவதில்லை. விர்ட்டஸ் ஜிடி செடான் 205/55 R16 டயரோடு வருகிறது. அதை 225/45 R17 ஆக்கினால் மொத்த விட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கும், ஸ்பீடோமீட்டர் பிசகாது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் சைடுவாலின் உயரம் 113 மில்லிமீட்டரிலிருந்து 101க்கு இறங்குகிறது. குழியின் அடியைத் தாங்க இருந்த ரப்பரில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ரிம்மின் எடையும் பொதுவாகக் கூடும். அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் முன்னதாகவே மிதக்கும், சத்தமும் பெரும்பாலும் அதிகம். காய்ந்த சாலையில் வளைவில் கொஞ்சம் லாபம் கிடைக்கும், ஸ்டியரிங் உடனடியாகப் பதில் சொல்லும், அதை மறுக்கவில்லை. அந்த லாபத்தை முழுமையாக அனுபவிக்க இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். அன்றாடம் ஜிஎஸ்டி சாலையில் ஓடும் காருக்கு அது நஷ்ட வியாபாரம். காரோடு வந்த அளவிலேயே நல்ல ரப்பர் உள்ள டயரை வாங்குவது, பெரிய அளவில் நடுத்தர டயரை வாங்குவதைவிட எப்போதும் மேல்.

அமைதியின் இன்னொரு பாதி, வாங்கிய பிறகு நாம் செய்வதில் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது எல்லா நல்ல டயரும் அமைதிதான். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பட்டன்களின் ஒரு விளிம்பு மட்டும் ரம்பப் பல்லாகத் தேய்ந்து, 'ஊம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும். வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் செலவழித்தவர்கள் நிறைய. அலைன்மென்ட்டைச் சரியாக வைப்பதும், எட்டிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றுவதும், டயர் சூடேறும் முன் காற்றைச் சரிபார்ப்பதும் லேபிளில் குறையும் இரண்டு டெசிபெல்லைவிட அதிகம் உதவும்.

நம் நாட்டு நிலைமைக்கு வருகிறேன். ஏஐஎஸ்-142 என்ற இந்தியத் தரநிலை உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் சோதனை முறையும் வரம்பும் வகுத்திருக்கிறது. எரிசக்திச் சிக்கன அலுவலகத்தின் நட்சத்திர லேபிள் எரிபொருள் சிக்கனத்துக்காக வந்தது. ஈரச் சாலையில் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதை வாங்குபவருக்கு வகுப்பாகக் காட்டும் லேபிள் இங்கே கட்டாயம் இல்லை. எம்ஆர்எஃப் பிறந்த, ஒரகடத்தில் அப்பல்லோவின் ஆலை நிற்கும் மாநிலத்தில், வாங்குபவர் ஐரோப்பாவின் எண்ணைக் கடன் வாங்கிப் பார்க்கிறார். அதே பெயரில் இங்கே விற்பது அதே ரப்பர்தானா என்பதும் அவருக்குத் தெரியாது. டயர் ஆலைகளும் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் ஈரப் பிடிப்பின் வகுப்பை ஒவ்வொரு டயர் மீதும் ஒட்டச் செய்ய வேண்டும். சத்தத்தைச் சொல்வதானால் காருக்குள் அளந்து சொல்ல வேண்டும். அதுவரை கடைக்குப் போகிறவர் தன் அளவுக்குரிய ஈரப் பிடிப்பு எழுத்தைக் கேட்டு வாங்கட்டும். டெசிபெல் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும்.